எட்வர்டு ரோஸும் எங்க அப்பத்தாவும்

டிஸ்கி: இது "வீட்டில் ரோஜா வளர்ப்பது எப்படி" பதிவு இல்லை. பாதி வரலாறு, பாதி பாவமன்னிப்பு. கொஞ்சம் நீளம். ஒரு டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அம்மா கேட்டாங்க. "அடுத்த தடவை வரும்போது ஒரு நல்ல ரோஸ் செடி வாங்கிட்டு வாடா."

சின்ன விஷயம் தானே என்று நினைப்பீர்கள். ஆனா கடந்த நாலு வருஷத்துல பெங்களூரில் இருந்து நான் வாங்கிட்டுப் போன ரோஜாச் செடிகள் மொத்தம் நாலு. மூணு செத்துப் போச்சு. நாலாவது பற்றிப் பிறகு சொல்கிறேன், அது செத்திருந்தாலே தேவலை.

"எந்த ரோஸ்ம்மா வேணும்? மஞ்சளா, சிவப்பா?"

"உங்க அப்பத்தா வச்சிருந்தாங்கள்ல, அது."

அதுக்கு மேல என்னால பேச முடியலை. ஏன்னா அந்தச் செடியை வெட்டினது நான் தான்.

2021. ஊரே வீட்டில் இருந்து பொட்டி தட்டிக்கொண்டிருந்த சமயம். நானும் காமயகவுண்டன்பட்டியில் எங்க வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆணி புடுங்கிக்கொண்டிருந்தேன். முதல் சம்பாத்தியத்தில் ஒரு பழைய கார் வாங்கியாச்சு. நிறுத்த இடம் வேணும். முற்றத்துக்கு சிமெண்ட் போட்டோம். மூலையில் இடுப்புயரத்துக்கு நின்ன ரோஜாச் செடி குறுக்கே வந்தது. "வேற நல்ல ஹைபிரிட்டா வாங்கித் தர்றேம்மா" என்று சொல்லி வெட்டிப் போட்டேன். அம்மா ஒன்னும் சொல்லலை. அப்ப அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

அப்பத்தா சின்னமனூர் பக்கம் பிறந்தவங்க. கல்யாணமாகி வரும்போது ஈரச் சாக்கில் சுற்றி ஒரு ரோஜாக் குச்சியும் கொண்டு வந்தாங்களாம். அவங்களுக்கும் அம்மாவுக்கும் ஆயிரம் சண்டை. ஆனால் காலையில் முதல் பூவை மருமகள் தலையில் வைத்துவிட்டுத் தான் அப்பத்தா காபி குடிப்பாங்க. 2017-ல் அப்பத்தா போனபிறகு அந்த முதல் பூ அவங்க படத்துக்குப் போனது. இப்ப அம்மா கடையில் உதிரிப்பூ வாங்கி வைக்கிறாங்க.

சரி, அதே செடியைக் கண்டுபிடிக்கணும். ஆனா அது என்ன செடி? போட்டோ கிடையாது. அம்மாவின் ஞாபகம் மட்டும் தான் ஆதாரம். பக் ரிப்போர்ட் மாதிரி கேட்டுக் குறிச்சுக்கிட்டேன்.

1. நிறம்: "ரோஸ் கலர். நல்ல அழுத்தமான ரோஸ்."
2. வாசம்: "தெருமுனையில தெரியும். நம்ம பன்னீர் திராட்சை பழுத்த மாதிரி."
3. பருவம்: "பருவமெல்லாம் ஏதுடா? பன்னெண்டு மாசமும் பூக்கும். வெயில்ல பூ சின்னதாகும், அவ்வளவு தான்."
4. பேரு: "நாட்டு ரோஸ்னு சொல்லுவோம். அப்பத்தா மட்டும் எட்வெட்டு ரோஸ்ம்பாங்க."

முதலில் இரண்டாவது பாயிண்ட். கம்பம் பள்ளத்தாக்கு தெரியாதவர்களுக்கு: எங்க ஊரைச் சுற்றிப் பந்தல் பந்தலாகக் கறுப்புத் திராட்சை இருக்கும். 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியே இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். நாங்க பன்னீர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கு. ரோஜா வாசனைக்குக் காரணமான ஜெரானியால் என்ற பொருள் மஸ்கட் வகைத் திராட்சைகளிலும் இருக்கிறது. ஆக, அம்மாவின் மூக்கு சொன்னது கெமிஸ்ட்ரி பாடத்தில் பாஸ்.

அப்ப இது பன்னீர் ரோஜா தானே? கேஸ் முடிஞ்சது தானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். மூணாவது பாயிண்ட் தான் இடிச்சது.

பன்னெண்டு மாசமும் பூக்கும் வித்தை

பன்னீரும் அத்தரும் எடுக்க உலகப் புகழ் பெற்ற ரோஜா டமாஸ்க் ரோஜா. பல்கேரியாவில், ஈரானில், நம்ம உத்தரப் பிரதேசத்து கன்னோஜ் அத்தர்க்காரர்களிடம் எல்லாம் இது தான். ரோஜா அத்தரைக் கண்டுபிடித்த பெருமையை ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் நூர்ஜஹானின் அம்மாவுக்குக் கொடுக்கிறார். எல்லாம் சரி, ஆனா டமாஸ்க்குக்குக் குளிர் வேணும். வட இந்தியாவில் கூட குளிர்காலம் முடிந்து சில வாரங்கள் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், சித்திரை வெயிலில் வறுபடுகிற எங்க ஊரில் பன்னெண்டு மாசமும் பூக்க அதால் முடியாது.

வருஷம் முழுக்கப் பூக்கும் வித்தை ரோஜா உலகத்துக்குச் சீனாவில் இருந்து வந்தது. 18-ம் நூற்றாண்டு முடியும் வரை ஐரோப்பாவின் ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு தடவை தான் பூத்தன. 'இலையுதிர்கால டமாஸ்க்' என்ற ஒன்று மட்டும் மனசு வந்தால் இரண்டாவது முறை பூக்கும். 1790-களில் சீனத் தோட்டங்களில் இருந்து ரோஜாக்கள் கப்பலேறின. பல கப்பல்கள் வழியில் கல்கத்தாவில் நின்றன. அங்கே 1787-ல் ராபர்ட் கிட் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இருந்தது. இதனால் ஐரோப்பாக்காரர்கள் சீன ரோஜாவையே 'பெங்கால் ரோஜா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்! கொல்கத்தா ரசகுல்லா சீனாவில் இருந்து வந்தது என்று சொல்வது மாதிரி உல்டா கதை.

இந்தச் சீன ரோஜா ஏன் ஓயாமல் பூக்கிறது என்பதற்கு 2012-ல் தான் விடை வந்தது. பொட்டி தட்டுபவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ரோஜாவில் கே.எஸ்.என். என்று ஒரு மரபணு. அதன் வேலை "இப்ப பூக்காதே" என்று சொல்வது. வசந்தம் முடிந்ததும் இது ஓட ஆரம்பிக்கும், செடி பூப்பதை நிறுத்தும். சீன ரோஜாவில் என்றைக்கோ ஒரு துண்டு டிஎன்ஏ தாவி வந்து இந்த மரபணுவின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஃபங்ஷனே கமெண்ட் அவுட் ஆன மாதிரி. "நிறுத்து" என்று சொல்ல ஆளில்லை, செடி பூத்துக்கொண்டே இருக்கிறது. யாரோ ஒரு சீனத் தோட்டக்காரர் இந்த பக்-ஐப் பார்த்து, இதை ஃபிக்ஸ் பண்ணக்கூடாது, ஃபீச்சராக வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருக்கிறார். நமக்கெல்லாம் அவர் தான் குலதெய்வம் :-)

ஆனா சீன ரோஜாவுக்கு டமாஸ்க்கின் அந்தக் கனத்த வாசம் கிடையாது. ஆக அப்பத்தாவின் செடியில் வாசம் டமாஸ்க் வழி, பூக்கும் பழக்கம் சீன வழி. இரண்டும் சேர்ந்த ஒரு செடி வேண்டும். அப்பத்தா அந்தப் பேரையும் சொல்லிவிட்டுத் தான் போயிருக்காங்க. எட்வெட்டு.

யார் இந்த எட்வர்டு?

பிரிட்டிஷ் ராஜா ஏழாம் எட்வர்டு என்று தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லவே இல்லையாம்.

மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. அப்போது அதன் பெயர் இல் பூர்போன். அங்கே தோட்டக்காரர்கள் வேலிக்கு ரோஜா வைப்பது வழக்கம். எங்க பக்கம் கள்ளி, கிளுவை வைப்பது போல. வைத்தது இரண்டு ரோஜா: ஒன்று இளஞ்சிவப்புச் சீன ரோஜா, இன்னொன்று இலையுதிர்கால டமாஸ்க். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். மீதியைத் தேனீ பார்த்துக்கொண்டது.

அப்படி யாரும் கல்யாணம் பண்ணி வைக்காமல் பிறந்த ஒரு நாற்றை எதுவார் பெரிசோன் என்ற தோட்டக்காரர் தன் வேலியில் கவனித்தார் என்று ரோஜா வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று என்று இரண்டு குணமும் அதில் இருந்தது. ஊர்க்காரர்கள் 'ரோஸ் எதுவார்' என்றார்கள். 1817 வாக்கில் தீவின் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த பிரெயோன் இதைப் பார்த்து, 1819-ல் விதைகளைப் பிரான்சில் ஜாக் என்ற தோட்டக்காரருக்கு அனுப்பினார். பிரான்சில் அதிலிருந்து பூர்போன் ரோஜாக்கள் என்று ஒரு குடும்பமே வந்தது.

எதுவார் நம்ம வாயில் எட்வர்டு ஆச்சு. அப்பத்தா வாயில் எட்வெட்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதிரிப்பூவுக்குச் சொல்லும் ரோஜாக்களில் இன்றைக்கும் எட்வர்டு ரோஸ், ஆந்திரச் சிவப்பு இரண்டும் இருக்கின்றன. மாலை கட்டுபவர்களிடம் நாட்டு ரோஸ், பன்னீர் ரோஸ் என்று கேட்டாலும் பல இடங்களில் கையில் வருவது இந்த எட்வர்டு தான்.

இந்தத் தீவு நமக்கு அந்நியம் இல்லை மக்களே. 1848-ல் அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டபிறகு கரும்புத் தோட்டங்களுக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் பெருமளவில் போனவர்களில் நம்மாட்கள் ஏராளம். அவர்கள் வாரிசுகளை அங்கே இன்றைக்கும் 'மலபார்' என்கிறார்கள். தமிழை மறந்துவிட்டார்கள், மாரியம்மனை மறக்கவில்லை. அவர்கள் போன கடலின் வழியில் ஒரு பூ இந்தப் பக்கம் வந்து பேரைத் தமிழாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்ப நிஜ நாட்டு ரோஜா எது?

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். ரோஜா கிடையாது. ஆனா தமிழ்நாட்டு மலையில் காட்டு ரோஜா இருக்கு! எங்க பள்ளத்தாக்கின் வடக்கே நிற்கும் பழனி மலையிலும், நீலகிரியிலும், உயரத்தில், மரத்தின் மேல் ஏறி வெள்ளையாகப் பூக்கும் கொடி ரோஜா. அதன் அறிவியல் பெயர் ரோசா லெஷெனோல்டியானா. 1816-ல் பாண்டிச்சேரிக்கு வந்து தாவரவியல் தோட்டத்தைக் கவனித்த லெஷெனோ என்ற பிரெஞ்சுக்காரர் பேரில் வைத்தது. அவர் இங்கிருந்து செடிகளும் விதைகளும் அனுப்பி வைத்த இடம் எது தெரியுமா? அதே ரீயூனியன். நம்ம ரோஜாவுக்கு பிரெஞ்சுக்காரர் பேரு, பிரெஞ்சுத் தீவின் ரோஜாவுக்கு நாட்டு ரோஜான்னு பேரு. நல்லா இருக்கு இல்ல?

ஆனா மலை உச்சிக் கொடி எங்க முற்றத்துக்கு ஆகாது. வெப்பத்தைத் தாங்கும் ரோஜா வேண்டும் என்று இதே பிரச்சனையை வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டவர் ஒருத்தர் கொடைக்கானலில் இருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியம். வீரு வீரராகவன். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு மனைவி கிரிஜாவுடன் ரோஜா உருவாக்க வந்தவர். அவர் வாதம் எளிமையானது. இன்றைய ரோஜாக்களை உருவாக்கியது குளிர்தேசத்துக்காரர்கள். அவர்கள் பனியைத் தாங்குமா என்று பார்த்தார்கள், வெயிலைத் தாங்குமா என்று யாரும் பார்க்கவில்லை. அதனால் தண்ணீர் நிற்கிற இடத்திலும் வளரும் இந்தியக் காட்டு ரோஜாவான ரோசா கிளைனோஃபில்லாவையும், மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியாவையும் வைத்துக் கலப்பு செய்தார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பேரிலும் ஒரு மஞ்சள் ரோஜா தந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு முன்னால் பி.பி. பால். தொழில் கோதுமை ஆராய்ச்சி, 1965-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் ஆனவர். ஓய்வு நேரத்தில் ரோஜா. நம்மள மாதிரி சைடு புராஜெக்ட் வைத்து சாதித்த ஆள்.

நாலாவது செடியின் கதை

இப்ப அந்த நாலாவது செடி. ஒரு நர்சரியில் "மஞ்சளும் ரோஸும் கலந்து கை அகலத்துக்குப் பூக்கும் சார்" என்றார்கள். தொட்டியில் பூத்தும் இருந்தது. படத்தைப் பார்த்ததில் அது 'பீஸ்' ரகம் மாதிரி இருந்தது. பிரான்சின் பிரான்சிஸ் மெய்யான் உருவாக்கி, உலகப் போர் முடியும் நேரத்தில், 1945 ஏப்ரல் 29-ல் 'சமாதானம்' என்று பேர் சூட்டப்பட்ட ரோஜா.

ஊரில் வைத்த நாலு மாசத்தில் பூத்த கிளை கறுத்துக் காய்ந்தது. ஆனா அடியில் இருந்து ஒரு தளிர் ஜம்மென்று கிளம்பியது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தண்ணி, சாணி, மீன் கழுவின தண்ணி எல்லாம் ஊற்றி வளர்த்தாங்க. எட்டடிக்குக் கொடி மாதிரி போச்சு. ஒன்றரை வருஷம் ஆச்சு. ஒரு மொட்டு கூட இல்லை.

காரணம் இப்பத்தான் புரிந்தது. நர்சரியில் விற்பது பெரும்பாலும் ஒட்டுச் செடி. மேலே நாம பார்த்து மயங்கும் பூ ஒரு ரகம், மண்ணுக்குள் இருக்கும் வேர் வேறொரு காட்டு ரோஜா. தென்னிந்தியாவில் பெரும்பாலும் மல்டிஃப்ளோரா. மேல் ரகம் செத்தால் வேர்ச்செடி சுதந்திரம் அடைந்துவிடும். அம்மா ஒன்றரை வருஷம் கொஞ்சினது அந்த வேரை. பூவில் அஞ்சு அஞ்சு இலையாக இருந்த செடி ஏழு ஏழாக மாறியபோதே நான் கவனித்திருக்கணும்.

இதில் வேடிக்கை, இந்த ஹைபிரிட்டுகளுக்கும் எட்வர்டு பாட்டன் முறை. பூர்போன் ரோஜாக்களின் வாரிசுகளோடு தேயிலை ரோஜாவைக் கலந்து தான் 1867-ல் லியோன் நகரத்து கியோ 'லா ஃபிரான்ஸ்' என்ற முதல் ஹைபிரிட் டீ ரோஜாவைக் கொண்டுவந்தார். பேரனை வாங்குவதற்காகப் பாட்டனை வெட்டியிருக்கேன்.

கேஸ் முடிவு

எட்வர்டுக்கு ஒட்டு தேவையில்லை, குச்சியிலேயே வேர் விடும். குச்சியில் இருந்து வளரும் செடி பிள்ளை இல்லை, அதே செடி. அம்மா அப்பா கலப்பு எதுவும் கிடையாது, சுத்தமான காப்பி. அதாவது சின்னமனூரில் இருந்து சாக்கில் வந்த குச்சியும், அதற்கு முந்தினதும், அதற்கு முந்தினதும் எல்லாம் ஒரே செடி தான். பேரை நம்பினால், ரீயூனியன் வேலியில் முளைத்த அந்த ஒற்றை நாற்று தான் இருநூறு வருஷமாகக் கை மாறி வருது.

இது மண்டையில் ஏறியதும் எனக்கு வேறொன்று தோணுச்சு. போனைப் போட்டேன்.

"அம்மா, அப்பத்தா யாருக்காச்சும் குச்சி குடுத்திருக்காங்களா?"

"யாருக்குக் குடுக்கலைன்னு கேளு. பூ கேட்டா குடுக்க மாட்டாங்க, குச்சி கேட்டா குடுப்பாங்க. மேலத்தெரு பெரியம்மா வீட்டுல இப்பக்கூட நிக்கும்."

"அப்ப ஏம்மா என்னை வாங்கிட்டு வரச் சொன்ன?"

"நீ வெட்டுனதுக்கு நீ தானடா கொண்டு வரணும்."

நாலு வருஷத்துக்கப்புறம் தீர்ப்பு வந்திருக்கு. சம்மதம்னு நான் நினைச்ச மௌனம் அது இல்லைன்னு அன்னைக்குத் தான் புரிஞ்சது.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பெரியம்மா வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. குனிந்து மோந்து பார்த்தேன். எங்க வீட்டுப் பழைய முற்றம். "அத்தை குடுத்த குச்சி தாம்ப்பா இது, நல்லா நாலு வெட்டிக்க" என்றார் பெரியம்மா. நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

கார் நிற்கிற மூலையில் இரண்டடிக்கு இரண்டடி சிமெண்டைப் பேர்த்தாச்சு. கார் இப்ப தெருவில் நிற்குது. வைத்த நாலு குச்சியில் இரண்டு காய்ந்துவிட்டது. இரண்டில் துளிர் வந்திருக்கு. அம்மா அனுப்பிய போட்டோவில் எண்ணிப் பார்த்தேன், அஞ்சு இலை தான் :-)

கொசுறு (செடி வாங்கப் போகிறவர்களுக்கு):

- நர்சரியில் பூவைப் பார்ப்பதற்கு முன் அடித்தண்டைப் பாருங்க. முடிச்சு மாதிரி புடைப்பு இருந்தால் ஒட்டுச் செடி. அதுக்குக் கீழே கிளம்பும் தளிரை உடனே கிள்ளி விடணும்.
- ஊட்டி, பெங்களூர் குளிரில் பூத்த செடி உங்க ஊர் வெயிலில் பூக்கும் என்று நம்பாதீங்க. உங்க தெருவில் பத்து வருஷமாக நிற்கிற ரோஜா எதுவோ அது தான் உங்க ஊர் ரோஜா.
- குச்சி வைக்க: பென்சில் கனம், முக்கால் அடி நீளம், முற்றின தண்டு. அடியில் சாய்வாக வெட்டி, இலைகளைக் கிள்ளி, பாதி மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டு நிழலில் வைக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் உத்தமம். துளிர் வந்தபின் நல்ல வெயிலுக்கு மாற்றணும், ஆனா அடியில் தண்ணி தேங்கக்கூடாது.
- நாலு வைத்தால் இரண்டு வரும். அதனால் நாலாகவே வைங்க. வந்ததில் ஒன்றை யாருக்காவது குடுங்க. அப்பத்தா டெக்னிக். இதைவிட நல்ல பேக்கப் எந்த கிளவுடிலும் இல்லை.

உங்க ஊரில் இந்த ரோஜாவுக்கு என்ன பேர்? நாட்டு ரோஸா, பன்னீர் ரோஸா, எட்வெட்டா? சொல்லிட்டுப் போங்க.